செயின்ட் மார்ட்டின்ஸ் லேன் (1938): தவில்காரர் பக்கத்துல உக்காந்து பாத்த லண்டன் தெரு வித்தைக்காரங்க படம்

எங்க சித்தப்பா 40 வருஷத்துக்கு மேல நையாண்டி மேளத்துல தவில் அடிச்சவரு, முக்கூடல்காரரு, இங்கிலீஷ் ஒரு வரி தெரியாது. அவரு ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் எந்திரிக்காம உக்காந்து பாத்த இங்கிலீஷ் படம் இது ஒண்ணுதான். அதனாலதான் இதைப் பத்தி எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

தெருவுல பாடுதவங்க, ஆடுதவங்க, வித்தை காட்டுதவங்களை வச்சு பிரிட்டன்ல பழைய காலத்துல எடுத்த காமெடி சீரியல், படம் எதாவது இருக்கான்னு ரொம்ப நாளா தேடிட்டு இருந்தேன், அப்படி கையில சிக்குனதுதான் இந்தப் படம். பேரு செயின்ட் மார்ட்டின்ஸ் லேன். 1938ல வந்தது, ப்ளாக் அண்ட் ஒயிட், ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. டைரக்டர் டிம் வீலன். நடிச்சவங்க சார்லஸ் லாட்டன், விவியன் லீ, ரெக்ஸ் ஹாரிசன். லாட்டனும், ஜெர்மனில இருந்து வந்த எரிக் பாமர்ங்கிற தயாரிப்பாளரும் சேந்து மேஃப்ளவர் பிக்சர்ஸ்னு ஒரு கம்பெனி நடத்துனாங்க, மொத்தமே மூணு படம்தான் எடுத்தாங்க, அதுல ஒண்ணு இது. அமெரிக்காவுல இதுக்கு சைடுவாக்ஸ் ஆஃப் லண்டன்னு வேற பேரு வச்சு ஓட்டுனாங்க, அதனால தேடும்போது ரெண்டு பேரையும் போட்டு தேடுங்க.

முதல்ல டிவிடி விஷயத்தை சொல்லிடுதேன், ஏன்னா நான் பட்ட பாடு நீங்க படக்கூடாது. ஆன்லைன்ல ஒரு கடைல வாங்குனேன். வந்தது பிரிட்டன்ல போட்ட டிஸ்க்கு, ரீஜன் 2. டிவிடிக்கு உலகத்தை ரீஜன் ரீஜனா பிரிச்சு வச்சிருக்காங்க, ஒரு ரீஜன் டிஸ்க்கு இன்னொரு ரீஜன் ப்ளேயர்ல ஓடாது. நம்ம ஊர் ப்ளேயர் எல்லாம் ரீஜன் 5. வீட்டு ப்ளேயர்ல போட்டா டிஸ்க்கு சுத்துது, அப்புறம் வெளிய தள்ளுது, அம்புட்டுதான். வித்தவங்க இதை ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்ல, எங்கயுமே போடல, கேட்டு மெயில் அனுப்புனேன், பதிலும் இல்ல. கடைசில லேப்டாப்ல விஎல்சிங்கிற வீடியோ சாஃப்ட்வேர்ல போட்டு டிவிக்கு ஒயர் குத்தி பாத்தோம், அதுல சுத்தமா ஓடுச்சு. படம் தெளிவாத்தான் இருக்கு, சத்தம்தான் பழசு, லண்டன் தெருப் பேச்சு வேற, பாதி வார்த்தை காதுல விழுந்தாலும் புரியாது. இங்கிலீஷ் சப்டைட்டில் இல்லாம பாக்காதீங்க.

இனி படத்துக்கு வாரேன்.

செயின்ட் மார்ட்டின்ஸ் லேன்ங்கிறது லண்டன்ல ஒரு தெரு, ட்ரஃபால்கர் ஸ்கொயர் பக்கத்துல இருந்து வடக்க போவும். நாடகத் தியேட்டர் வரிசையா இருக்க ஏரியா. டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டர் 1892ல வந்தது, கொலிசியம் 1904ல வந்தது, ரெண்டுமே அந்தத் தெருவுலதான். அந்தக் காலத்துல அங்க மேல் மாடி சீப் சீட்டுக்கு ஜனங்க மணிக்கணக்கா க்யூவுல நிப்பாங்க, அந்த க்யூவுக்கு முன்னாடிதான் இந்த தெரு ஆட்டக்காரங்களுக்கு பொழப்பு. ஒருத்தன் பாடுவான், ஒருத்தன் ஆடுவான், ஒருத்தன் கவிதை சொல்லுவான், கதவு தொறக்கதுக்குள்ள தொப்பியை நீட்டி வசூல் பண்ணிடணும். உள்ள நடக்க நாடகத்துக்கு வந்த கூட்டத்துக்கிட்ட வெளிய நின்னு பத்து நிமிஷம் கடன் வாங்குத மாதிரி.

இது எனக்கு சட்டுன்னு புரிஞ்சதுக்கு காரணம் நம்ம திருநெல்வேலி டவுன்தான். சாயந்தரம் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிர்த்தாப்புல கீழ ரத வீதில இருட்டுக்கடை அல்வாக் கடை முன்னாடி நிக்க க்யூவை பாத்திருப்பீங்க. அங்க சில நாள் கண்ணு தெரியாத ஒரு அண்ணாச்சி கழுத்துல ஸ்பீக்கர் பெட்டியை மாட்டிக்கிட்டு பழைய பாட்டு பாடிட்டு வருவாரு, பின்னாடி அவரு வீட்டுக்கார அம்மா அவரு தோளைப் பிடிச்சுக்கிட்டு கையில தட்டோட வருவாங்க. நான் அல்வாவுக்கு நிக்கும்போது அவரை கவனிச்சிருக்கேன். க்யூ நவுந்துட்டா ஜனங்க கண்ணு கடைப் பக்கம் போயிடும், தட்டுல காசு விழாது. க்யூ அசையாம நிக்கையிலதான் அவரு நல்லா மேல எடுத்து பாடுவாரு, பாட்டு உச்சத்துல இருக்கும்போதே அந்த அம்மா தட்டை நீட்டிடுவாங்க, பாட்டு முடியட்டும்னு காத்திருக்கவே மாட்டாங்க. இதை நான் படத்துல பாக்கும்போது சித்தப்பாவே முந்திக்கிட்டாரு: “பாத்தியாலே, முடியறதுக்கு முன்னாடியே வசூலுக்கு கிளம்பிட்டான். முடிச்சா கை தட்டிட்டு போயிருவானுவ.” கழைக்கூத்து ஆடுதவங்களும் இப்படித்தான், கயித்து மேல ஏறி நடக்க பெரிய வித்தைக்கு முன்னாடியே தட்டு சுத்தி வந்துடும்.

லாட்டன் பேரு படத்துல சார்லஸ். அவரு தொழிலு கவிதை சொல்லுதது. காட்மாண்டுக்கு வடக்க ஒரு மஞ்ச சாமி சிலை, அதுக்கு ஒரு பச்சைக் கண்ணு, அதை திருடப் போன ஒருத்தன் கதை, இதை க்யூவுக்கு முன்னாடி நின்னு சொல்லுதாரு. இந்தக் கவிதை 1911ல ஜே. மில்டன் ஹேய்ஸ் எழுதுனது, அந்தக் காலத்துல பிரிட்டன்ல வீட்டுக்கு வீடு ஒப்பிச்ச கவிதை. லாட்டன் அதை முகத்துலயும் கையிலயும் தோள்லயும் போட்டு ஒரு ஆட்டம் ஆடுதாரு. கொஞ்சம் ஓவர்னுதான் முதல்ல நினைச்சேன். சித்தப்பாதான் சொன்னாரு, ரோட்டுல நின்னு சொல்லுதவன் அளவா சொன்னா எவன் திரும்பிப் பாப்பான்னு. யோசிச்சா அந்த ஓவரை அளந்து பண்ணுதாரு லாட்டன். இந்தாளுக்கு திறமை இருக்கு, ஆனா அது ரோட்டு திறமைன்னு முதல் அஞ்சு நிமிஷத்துலயே நமக்கு காட்டிடுதாரு, ஒரு வசனம் கிடையாது அதுக்கு. ஆஸ்கார் வாங்குன ஆளு, ராஜா வேஷம் கட்டி 1933ல எட்டாம் ஹென்றியா நடிச்சு வாங்குனாரு, அவரு இதுல அழுக்குக் கோட்டோட நிக்காரு.

விவியன் லீ பேரு லிபி. ஜேப்படி பண்ணுத பொண்ணு. சார்லஸுக்கு வந்த காசையே எடுத்துட்டு ஓடுதா, அவரு பின்னாலயே போறாரு, போற வழில அவ இன்னொருத்தருகிட்ட தங்க சிகரெட் பெட்டியையும் அமுக்கிட்டா, கடைசில ஆள் இல்லாத ஒரு பெரிய வீட்டுக்குள்ள போய் நுழையுதா. சார்லஸ் பிடிச்சு கேக்கணும்னு உள்ள போனா, அங்க அவ தன்னந்தனியா ஆடிக்கிட்டு இருக்கா. காலி வீடு, பாக்க ஆளே கிடையாது, காசு போட ஆள் கிடையாது. இந்த சீனை நான் மூணு தடவை பாத்துட்டேன். தெருவுல ஆடுதவ முகம் எப்பவும் கூட்டத்தை பாத்துதான் இருக்கும், யாரு நிக்கா யாரு நவுருதான்னு கண்ணு ஓடிக்கிட்டே இருக்கும், இங்க அந்தக் கண்ணு எதையுமே தேடல. விவியன் லீக்கு அப்ப 24 வயசுதான், பொறந்தது நம்ம டார்ஜிலிங்ல, 1913ல. இதுக்கு அடுத்த வருஷம்தான் கான் வித் தி விண்ட் வந்து உலகத்துக்கே தெரிஞ்ச ஆளானாங்க. எனக்கு என்னமோ இந்த ரெண்டு நிமிஷ ஆட்டம் அதைவிட ஒரு படி மேலன்னு தோணுது.

வீடு வாசல் இல்லாத பொண்ணுன்னு தெரிஞ்சதும் சார்லஸ் தன் மொட்டை மாடி ரூம்ல இடம் குடுத்து, தன் கூட்டாளிகளையும் சேத்து நாலு பேரு செட்டு ஒண்ணு போடுதாரு. கூட்டாளியா வர்ற ஜென்ட்ரிங்கிற ஒல்லி ஆளு டைரோன் கத்ரி, பெரிய நாடக டைரக்டரு, பின்னால அமெரிக்காவுல அவரு பேர்லயே தியேட்டர் இருக்கு. மவுத் ஆர்கன் வாசிக்கவரு லாரி அட்லர், அந்த வாத்தியத்துல அவரை மிஞ்ச அந்தக் காலத்துல ஆளே கிடையாது. டூப் போட்டு வாசிக்காம நிஜ ஆளையே போட்டதுனால அந்த தெரு சீன்ல வர்ற மவுத் ஆர்கன் சத்தம் அப்படியே நெஞ்சுல இறங்குது. சித்தப்பா தொடைல தாளம் போட ஆரம்பிச்சது இங்கனதான். நாலு பேரும் ஒத்திகை பாக்குத இடம், யாரு முன்னால நிக்கணும் யாரு பின்னால நிக்கணும்னு தகராறு வர்ற இடம், இதெல்லாம் பாத்துட்டு “எங்க செட்டுல நடந்த சண்டைதான் மக்கா, ரெண்டாவது நாதஸ்வரத்துக்கும் பம்பைக்கும் நடுவுல”ன்னாரு.

ஒரு விஷயம் இடைல. இந்தத் தெருவுக்கு பக்கத்துலதான் கோவென்ட் கார்டன்ங்கிற சதுக்கம். அங்க 1662 மே 9ஆம் தேதி ஒரு பொம்மலாட்டம் பாத்தேன்னு சாமுவேல் பீப்ஸ்ங்கிறவரு தன் டைரில எழுதி வச்சிருக்காரு, பஞ்ச் அண்ட் ஜூடி பொம்மைக்கு அங்க கிடைக்கிற முதல் சாட்சி அதுதான், இன்னைக்கும் அந்த இடத்துல தெரு ஆட்டக்காரங்க நிக்காங்க. பஞ்ச்ங்கிறவன் வளைஞ்ச மூக்கு, கையில தடி, எல்லாரையும் போட்டு அடிப்பான். பொம்மைக்காரரு வாய்க்குள்ள சின்னதா ஒரு பீப்பி வச்சு அவனுக்கு கீச்சுக் குரல் குடுப்பாரு, வெளிய நின்னு வசூல் பண்ணுதவருக்கு அவங்க பாஷைல பாட்லர்னு பேரு. நம்ம பக்கம் தோல்பாவைக்கூத்துல வர்ற உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் நினைவுக்கு வரலியா? ராமாயணம் நடந்துக்கிட்டு இருக்கும், நடுவுல இவனுவ ரெண்டு பேரும் வந்து ஊர்க்கதை பேசி ஒருத்தனை ஒருத்தன் அடிச்சுக்குவானுவ, சின்னப் பிள்ளைல எனக்கு ராமரைவிட அவனுவளைத்தான் பிடிக்கும். திரைக்குப் பின்னால ஒரே ஆளு அத்தனை குரலும் குடுப்பாரு. அதைப் பாத்து வளந்தவங்களுக்கு இந்தப் படம் அன்னியமாவே தெரியாது.

கதை அதுக்கப்புறம் நீங்க எதிர்பாக்குத பக்கம்தான் போவுது. சிகரெட் பெட்டியை பறிகுடுத்தவரு ஹார்லி, பாட்டு எழுதுத பெரிய ஆளு, அதுதான் ரெக்ஸ் ஹாரிசன். அவரு லிபி தெருவுல ஆடுததை பாத்து மயங்கி, பெரிய எடத்துக்கு கூட்டிட்டு போறாரு. அவ செட்டை விட்டு போறா. சார்லஸ் அவகிட்ட கல்யாணம் பண்ணிக்கிடுதியான்னு கேக்காரு, அவ சிரிச்சுடுதா.

இந்த சிரிப்புலதான் எனக்கும் சித்தப்பாவுக்கும் சண்டை. எனக்கு அந்தப் பொண்ணு மேல கோவம் கோவமா வந்துச்சு. சோறு போட்ட ஆளு, தங்க இடம் குடுத்த ஆளு. சித்தப்பா என்னை ஒரு பார்வை பாத்துட்டு சொன்னாரு, அவுக செட்டுல ஒரு கரகாட்டப் பொண்ணு இருந்துச்சாம், நல்லா ஆடுமாம், ரெண்டு சீசன்தான் இருந்துச்சு, அப்புறம் வேற பெரிய செட்டுக்கு கூடுதல் சம்பளத்துக்கு போயிட்டு. போகும்போது எல்லாரும் நன்றி கெட்டவன்னு பேசுனாங்களாம். “கொடை சீசன் பங்குனில இருந்து ஆவணி வரைக்கும்தான்லே. மிச்ச மாசம் அவ வீட்ல யாரு அடுப்பு எரிப்பா? இடம் குடுத்தேன்னு சொல்லி பொண்டாட்டியா வான்னு கேட்டா அது என்ன கணக்கு? அவன் அங்கனதான் தப்பு பண்ணிட்டான்.” நான் ஒண்ணும் சொல்லல. மறுநாள் தனியா அந்த சீனை மறுபடி போட்டுப் பாத்தேன், லாட்டன் அதை எப்படி நடிச்சிருக்காருன்னு பாத்தா, கேக்கும்போதே அவருக்கு பதில் தெரிஞ்சிருக்கு. சித்தப்பா சொன்னதுதான் சரி. ஆனா படம் அந்த இடத்துல நம்மளை அவருக்காக அழ வைக்கணும்னு ரொம்ப அழுத்துது, அவ பக்கத்து நியாயத்தை ரெண்டு வசனத்துல முடிச்சுடுது, அது ஒரு குறைதான்.

இன்னொரு குறை, அவ ஸ்டார் ஆன பிறகு வர்ற பெரிய மேடைப் பாட்டு. தொப்பி, மழை, ஆட்டக்காரங்க வரிசைன்னு நீளமா போவுது. க்யூ சீன்ல இருந்த உசுரு இதுல பாதிகூட இல்ல. சித்தப்பா எந்திரிக்கல, ஆனா வெத்தலையை எடுத்து நரம்பு கிள்ள ஆரம்பிச்சுட்டாரு.

கடைசிப் பகுதியை சொல்லாம இந்தப் படத்தைப் பத்தி பேச முடியாது, முடிவு தெரியக்கூடாதுன்னா இந்த பாராவையும் அடுத்ததையும் விட்டுடுங்க. சார்லஸ் ஒடிஞ்சு போய், கண்ணு தெரியாதவன் மாதிரி நடிச்சு பிச்சை எடுக்குத நிலைமைக்கு வந்துடுதாரு. லிபி அவரைப் பாத்துடுதா, மனசு கேக்காம ஒரு பெரிய தியேட்டர்ல ஆடிஷனுக்கு ஏற்பாடு பண்ணுதா. அங்க மேடை ஏறி அவரு சொல்லுதது இங்கிலீஷ் கவிஞர் கிப்ளிங்கோட இஃப்ங்கிற கவிதை. தெருவுல அத்தனை பேரைக் கட்டிப்போட்ட குரலு அங்க எடுபடல. ஏன்னா யாரும் நகரல, யாரும் திரும்பல, யாரையும் பிடிச்சு நிறுத்த வேண்டிய தேவையே இல்ல. இருட்டுக்குள்ள உக்காந்திருக்க ஆளுங்க முடிவு பண்ண உக்காந்திருக்காங்க. அவருக்கு அது அங்கனயே விளங்கிடுது. திரும்பி தெருவுக்கே போறாரு.

சித்தப்பா படத்தை நிறுத்தச் சொல்லிட்டாரு. இதுவரைக்கும் என்கிட்ட சொல்லாத ஒரு கதையை அப்பதான் சொன்னாரு. பத்துப் பதினஞ்சு வருஷம் முன்னாடி ஒரு பெரிய ஊர்ல, ஏசி ஹால்ல, கலை நிகழ்ச்சின்னு இவங்க செட்டை கூப்பிட்டிருக்காவ. பஸ்ல அம்புட்டு தூரம் போயிருக்காங்க. மேடை ஏறுததுக்கு முன்னாடி ஒருத்தர் வந்து உங்களுக்கு நாலு நிமிஷம்னு சொல்லிட்டாராம், அதுக்கு மேல போனா மைக்கை ஆஃப் பண்ணிடுவோம்னு. “நாலு நிமிஷம். நையாண்டி மேளம் சூடு பிடிக்கதுக்கே அரை மணி நேரம் வேணும். கொடையில எதிர்ல நிக்கவன் ஒருத்தன் கால் தன்னால ஆடும் பாரு, அவனைப் பாத்து ஒரு அடி போடுவேன், அவன் இன்னும் கொஞ்சம் ஆடுவான், அவனைப் பாத்து பக்கத்துல நிக்கவன் ஆடுவான். அங்க ஹால்ல எல்லாரும் நாற்காலில கட்டிப்போட்ட மாதிரி. யாரைப் பாத்து அடிக்கது?” பேசுன காசுலயும் குறைச்சுத்தான் குடுத்தாங்களாம், அதை அவரு ரெண்டாவதாத்தான் சொன்னாரு.

தோத்தவன் திரும்பி தெருவுக்கு வந்தான்னு எடுக்காம, அவன் இடம் அதுதான்னு எடுத்ததுக்காகவே இந்தப் படத்துக்கு அஞ்சுக்கு நாலு குடுப்பேன். அந்த ஒண்ணு மேடைப் பாட்டுக்கும், லிபி பக்கத்தை சொல்லாம விட்டதுக்கும். காமெடியா சோகமான்னு கேட்டா முதல் பாதி நல்லா சிரிக்கலாம், நாலு பேரு செட்டு போடுத வரைக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு பொறுமை இருக்காது. மேளம், வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, கரகம்னு வீட்ல ஒருத்தராவது தொழில்ல இருந்த குடும்பம்னா கண்டிப்பா அவங்களை பக்கத்துல வச்சுக்கிட்டு பாருங்க, தனியா பாத்திருந்தா எனக்கு பாதிப் படம் தெரிஞ்சிருக்காது.

அடுத்த வெள்ளிக்கிழமை சித்தப்பாவோட பழைய செட்டு ஆளுங்க நாலு பேரு, நாதஸ்வரம் ரெண்டு பேரு, பம்பை ஒருத்தரு, தாளம் ஒருத்தரு, வீட்டுக்கு வாராவ, இந்தப் படத்தை அவுகளுக்கும் போட்டுக் காட்டணும்னு சொல்லிட்டாரு. தமிழ் சப்டைட்டில் கிடையாது, அதனால நான்தான் பக்கத்துல உக்காந்து கதை சொல்லணுமாம். இப்பவே கூப்பிட்டு கண்டிஷன் போட்டுட்டாரு: “க்யூ சீன் வரும்போது மட்டும் நீ வாயைத் தொறக்காத, அது எங்களுக்கே புரியும்.”